நண்டுக்கு ஆறு துருக்கிப் பெயர்

அன்று ஜெர்மனியின் ஹம் நகரில் அன்னப்பிள்ளையின் வீட்டு மேசையைச் சுற்றி இருந்தவர்கள் இவர்கள்: வீட்டுக்காரியான அன்னப்பிள்ளை, அவருடைய காலஞ்சென்ற தம்பியின் மகனும் அவர் கையில் வளர்ந்தவனுமான கீர்த்தனன், பீலெஃபெல்டிலிருந்து வந்த, அன்னப்பிள்ளையின் தங்கையின் புருஷன் உருத்திரமூர்த்தி, உருத்திரமூர்த்தியின் மகள் நிருஷா. எதிர்ப்பக்கத்தில் ஹாலுக் என்ற துருக்கிக்காரர், அவருடைய மனைவி நெர்மின், அவர்களுடைய மகள் பெர்னா. ஏழு பேர். எட்டாவது ஆள் எவரும் இல்லை. இதை முதலே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. பீலெஃபெல்டில் இன்றைக்கு எவரைக் கேட்டாலும் தானும் அங்கே இருந்ததாகவும் எல்லாவற்றையும் கண்ணால் கண்டதாகவும் கதை விடுகிறார்கள். அன்னப்பிள்ளையின் மேசையில் இடம் கிடைக்காதவர்கள் அவரைப் பற்றிய கதையிலாவது ஒரு கதிரை பிடிக்கப் பார்க்கிறார்கள்.

கீர்த்தனன் ரயில் திருத்தும் பட்டறையில் வேலை செய்கிறவன். பெர்னா மருந்துக்கடையில் நிற்கிறவள். இருவருக்கும் பழக்கம் என்று தெரிந்த நாளிலிருந்து அன்னப்பிள்ளை அவனோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு போட்டார், உடுப்புத் தோய்த்தார், பேச்சு மட்டும் இல்லை. அவனும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் ஒரு நாள், குசினி வாசலில் நின்றபடி, அவர் தன் முடிவைச் சொன்னார்.

"பெடிச்சி வேற சமயம், வேற மொழி. சரி. உன்ர தலையெழுத்து. ஆனா முறை எண்டு ஒண்டு இருக்கு. பொம்பிளைப் பகுதிதான் மாப்பிள்ளை வீட்டை வந்து கதைக்கிறது. அவையள் இஞ்சை வரட்டும். நான் படி இறங்கிப் போகமாட்டன்."

"மாமி, அவையின்ர முறை..."

"அவையின்ர முறையை அவையள் தங்கட வீட்டில வைச்சிருக்கட்டும். வருவினமோ, மாட்டினமோ? அதை மட்டும் சொல்லு."

வருவார்கள் என்றான். அன்னப்பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. கேட்டவுடன் வருகிறார்கள் என்றால் தன் குடும்பத்தின் பெறுமதி தெரிந்த ஆட்கள் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவருக்கு இருந்தது ஒரே கவலை. வந்த சனம் இந்த வீட்டைப் பற்றி ஒரு குறை சொல்லிக்கொண்டு போகக் கூடாது. கணவன் செத்த பிறகு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்து, கடன் என்று ஒருவர் வாசலில் போய் நிற்காமல், ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கிய வீடு இது. இங்கே விருந்துக்கு வந்தவர் அரை வயிற்றோடு எழும்பினார் என்று ஹம்மில் எந்த வாயும் சொன்னதில்லை. துருக்கிக்காரரின் வாயா முதல் முதல் சொல்லப்போகிறது?

ஆகவே அவர்கள் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பதை விசாரிக்க வேண்டியிருந்தது. கீர்த்தனனைக் கேட்கலாம், ஆனால் அவனிடம் இறங்கிப்போய் ஒன்றைக் கேட்பது அவருடைய வழக்கம் அல்ல. அதனால், வேறு வழியில்லாமல், உருத்திரமூர்த்திக்குத் தொலைபேசி எடுத்தார். அவர் செய்த பெரும் பிழை அதுதான். அதை அவரே ஒருபோதும் மறுத்ததில்லை.

உருத்திரமூர்த்தியை எல்லாரும் 'மாஸ்டர்' என்று கூப்பிடுவார்கள். ஊரில், வேறொருவர் பிரசவ விடுமுறையில் போன இடத்தில், கொஞ்சக் காலம் ஆங்கிலம் படிப்பித்தவர். அந்தக் குழந்தை இப்போது பேரப்பிள்ளை கண்டிருக்கும். இவருக்கு மாஸ்டர் பட்டம் இன்னும் கழலவில்லை. அரை ஆயுளுக்கு மேல் ஜெர்மனியில் கழித்தும் டொச் மொழி அவர் வாயில் ஏறவில்லை. கேட்டால், "அது கரடு முரடான பாஷை அக்கா, இலக்கியம் உள்ளவனுக்கு ஒத்துவராது" என்பார். அவருடைய கடிதங்களை எல்லாம் நிருஷாதான் வாசித்துச் சொல்லவேண்டும். மருத்துவரைப் பார்க்க நேரம் எடுப்பதும் அவள்தான். இலக்கியம் உள்ள மனிதர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

வீடுகளுக்குப் போனால் ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அதற்கு எத்தனை கருத்து உண்டு என்று விளக்கம் வைப்பது அவருடைய பொழுதுபோக்கு. எப்போதும் மிருகங்கள்தான். ஒரு பிறந்தநாளில் குதிரை. ஒரு செத்த வீட்டில் கழுதை. செத்த வீட்டுக்காரர் நல்ல மனிதர், பொறுத்துக்கொண்டார். இப்போது துருக்கிச் சம்பந்தம் என்றதும் மாஸ்டர் செய்த முதல் வேலை, ஆங்கிலம்-துருக்கி அகராதி ஒன்று வாங்கியதுதான். வரப்போகிற குடும்பத்துக்கு டொச் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. அது மாஸ்டருக்கு ஒரு தடையாகத் தோன்றவில்லை.

"அவையள் என்னத்தைச் சாப்பிடமாட்டினம் எண்டு விசாரிச்சுச் சொல்லுங்கோ மாஸ்டர்."

"விசாரிக்க என்ன கிடக்கு அக்கா? பண்டியிறைச்சி ஒண்டுதான். மற்றதெல்லாம் நல்லா முடிப்பினம்."

"வடிவாத் தெரியுமோ?"

"அக்கா, நான் இப்ப அவையின்ர பாஷையையே படிச்சுக்கொண்டிருக்கிறன்."

ஆட்டிறைச்சி வைத்திருக்கலாம். ஆனால் ஹம்மில் நல்ல ஆட்டிறைச்சி வாங்குகிற கடை துருக்கிக்காரருடையது. அவர்களுடைய கடையில் வாங்கி, அவர்களுடைய முறையில் அறுத்ததை, அவர்களுக்கே காய்ச்சி வைப்பதா? அதில் இந்த வீட்டின் பெருமை எங்கே இருக்கிறது? அன்னப்பிள்ளை நெடுநேரம் யோசித்து நண்டு என்று தீர்மானித்தார். நண்டு என்றால் அவருடைய கை. இறால் போடுகிறவர்கள், கணவாய் போடுகிறவர்கள் ஹம்மில் பலர். நண்டுக்கறிக்கு அன்னப்பிள்ளையை விட்டால் ஆள் இல்லை என்பது அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொள்கிற விஷயம். கீர்த்தனன் எல்லை தாண்டி ஹொலண்டுக்குப் போய் உயிர் நண்டு கொண்டுவந்தான். அவனும் வாய் திறந்து எதையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்கள். அன்னப்பிள்ளை அதைக் கவனித்தார். சொல்லிக்கொடுக்க வேண்டிய தேவை இல்லாத ஆட்கள். ஹாலுக் கம்பித் தொழிற்சாலையில் பாரந்தூக்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். அகன்ற தோள், குறைந்த பேச்சு. நெர்மின் ஒரு பெரிய பெட்டியில் பக்லாவா கொண்டுவந்திருந்தார். பெட்டியை இரண்டு கையாலும் நீட்டினார். அன்னப்பிள்ளையும் இரண்டு கையாலும் வாங்கினார். பெட்டை பெர்னா தலையைத் தாழ்த்தி வணக்கம் சொன்னாள், தமிழில். உச்சரிப்பு பரவாயில்லை. மாஸ்டருடைய டொச்சைவிடப் பரவாயில்லை.

எல்லாரும் இருந்தார்கள். நிருஷா சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்து வைத்தாள். அதன் பிறகு அன்னப்பிள்ளை தாமே சட்டியைத் தூக்கிவந்து நடு மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். முருங்கையிலையும் தூளும் பழப்புளியும் சேர்ந்த வாசனை அறை முழுக்க எழும்பியது. செக்கச் சிவந்த கால்கள் சட்டிக்கு வெளியே எட்டிப் பார்த்தன.

ஹாலுக் சட்டியைப் பார்த்தார். நெர்மின் ஹாலுக்கைப் பார்த்தார். பெர்னா தன் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தாள். ஒருவருடைய கையும் அசையவில்லை.

கொஞ்சமாவது புத்தி உள்ள மனிதன் அந்த மௌனத்தைப் பார்த்து விஷயத்தை விளங்கிக்கொண்டிருப்பான். மாஸ்டரோ, சபை தன் சொல்லுக்காகக் காத்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு கோட்டுப் பைக்குள் கையை விட்டார்.

"அப்பா, வேண்டாம்" என்றாள் நிருஷா.

"நீ சும்மா இரு. இது கலாசாரப் பரிமாற்றம்." அகராதியைத் திறந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ஹாலுக்கைப் பார்த்து ஆரம்பித்தார். "கிராப்! மை டியர் பிரெண்ட், திஸ் இஸ் கிராப். இன் யுவர் லாங்குவேஜ், யெங்கெச்!"

ஹாலுக் மரியாதைக்காகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் கேடாக முடிந்தது. மாஸ்டர் எழும்பி நின்றுவிட்டார்.

"ஒண்டு, யெங்கெச், இந்தச் சீவன். ரெண்டு, வானத்தில இருக்கிற கடக ராசி. அதுக்கும் யெங்கெச்தான், பின்னால புர்ச்சு எண்டு சேர்க்கவேணும். பாத்தீங்களோ அக்கா, எங்கட கடகமும் நண்டுதானே! மூண்டாவது, புளிப்பான காட்டு அப்பிள். அதையும் இங்கிலீஸ்காரன் கிராப் எண்டுவான். துருக்கியில யபான் எல்மாசி. நாலாவது, எந்த நேரமும் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு சிடுசிடுக்கிற ஆள். ஹுய்சுஸ்!"

நாலாவதைச் சொல்லும்போது அவருடைய பார்வை அன்னப்பிள்ளையின் பக்கம் ஒரு கணம் திரும்பியது. அன்னப்பிள்ளை கண்டும் காணாதவர்போல் இருந்தார். நாய் குரைக்கிறது என்று கதவைத் திறந்து பார்க்கிற ஆள் அல்ல அவர்.

"அஞ்சாவது, பாரந்தூக்கிக்கு மேல ஓடுற உருளை. வின்ச்!"

"வின்ச்" என்று ஹாலுக் முதல் தடவையாக வாய் திறந்தார். "அதை நான் ஓட்டியிருக்கிறேன்" என்று டொச்சில் சொன்னார்.

மாஸ்டருக்கு அது விளங்கவில்லை. பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். குரல் இன்னும் உயர்ந்தது. "ஆறாவது!" என்று பக்கத்தைத் தடவி, வாசிக்கிறது இன்னதென்று யோசிக்காமல், சபை முழுக்கக் கேட்க அறிவித்தார். "காசிக் பிதி!"

நெர்மின் கையிலிருந்த கரண்டியை மேசையில் வைத்தார். பெர்னா முகத்தை மூடிக்கொண்டாள். கீர்த்தனன் மெதுவாகக் குனிந்து டொச்சில் அவளிடம் என்ன என்று கேட்டான். அவள் காதுக்குள் சொன்னாள். அவன் காது சிவந்தது.

"என்னடா?" என்றார் அன்னப்பிள்ளை.

"பேன், மாமி. தலையில வாற பேன் இல்லை. கீழ... மற்றப் பேன்."

விருந்துச் சட்டிக்கு மேலே, பொம்பிளையள் இருக்கிற சபையில், சம்பந்தி ஆகப்போகிறவரின் முகத்துக்கு நேரே.

"இருங்கோ மாஸ்டர்" என்றார் அன்னப்பிள்ளை. குரலை உயர்த்தவில்லை. மாஸ்டர் இருந்தார். கதிரை முனகியது, அவர் முனகவில்லை.

பிறகு அன்னப்பிள்ளை நெர்மின் பக்கம் திரும்பினார். சலவைக்கூடத்தில் படித்த டொச் அவருடையது. இலக்கணம் சரியோ பிழையோ, தலையை நிமிர்த்தித்தான் பேசுவார். "நீங்கள் சாப்பிடவில்லை" என்றார்.

"வரும்போது கொஞ்சம் சாப்பிட்டுத்தான் வந்தோம்" என்றார் ஹாலுக், மனைவியை முந்திக்கொண்டு. "மணம் மிக நன்றாக இருக்கிறது."

பொய். விருந்துக்கு வருகிறவன் எவன் சாப்பிட்டுவிட்டு வருவான்? ஆனாலும் அது மரியாதைக்காகச் சொன்ன பொய் என்பது அன்னப்பிள்ளைக்கு விளங்கியது. மரியாதைக்காகப் பொய் சொல்லத் தெரிந்த மனிதரை அவர் நெடுங்காலமாகக் காணவில்லை. தன் பக்கத்தில் இருந்த படித்தவரை ஒருமுறை பார்த்துவிட்டு, மீண்டும் ஹாலுக்கைப் பார்த்தார்.

பெர்னாதான் உண்மையைச் சொன்னாள். "அப்பாவும் அம்மாவும் நண்டு சாப்பிடுவதில்லை. எங்கள் சமயத்தில் எங்களைப்போன்ற குடும்பங்கள் கடலில் கிடைப்பதில் மீன் மட்டும்தான் சாப்பிடும். மன்னிக்கவேண்டும், நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும்."

நண்டுக்கு ஆறு துருக்கிப் பெயர் அறிந்தவருக்கு, அதைத் துருக்கிக்காரர் தின்பார்களா என்று கேட்க ஒரு வாய் இருக்கவில்லை. ஆனால் அதைவிடக் கேடான ஒன்று உடனே நடந்தது.

கீர்த்தனன், அதிர்ச்சியில், வாயில் வந்ததை அப்படியே டொச்சில் கொட்டிவிட்டான். "நீ சாப்பிட்டாய்தானே? ஹனோவரில் நாங்கள் போனபோது என்னோடு சாப்பிட்டாயே!"

பெர்னாவின் முகம் வெளிறிப்போனது. ஹனோவருக்கு மருந்துக்கடை வகுப்பு ஒன்றுக்குப் போவதாகச் சொல்லித்தான் அவள் வீட்டைவிட்டுப் போயிருந்தாள். அது அவளுடைய தகப்பனுக்கும் தாய்க்கும் தெரியும், மற்றது தெரியாது. ஹாலுக்கின் பெரிய கை மேசைமேல் அப்படியே கிடந்தது. நெர்மின் மகளைப் பார்க்கவில்லை. ஒரு தாய் மகளைப் பார்க்காமல் இருக்கிறாள் என்றால் அது எவ்வளவு பெரிய பார்வை என்று அன்னப்பிள்ளைக்குத் தெரியும்.

இந்த இடத்தில் வேறொருத்தி என்றால் மகிழ்ந்திருப்பாள். குறை தன் வீட்டிலிருந்து மற்ற வீட்டுக்குத் தாவிவிட்டது. நண்டு வைத்த பிழையை இனி ஒருவரும் பேசப்போவதில்லை. பொய் சொல்லிவிட்டுப் பெடியனோடு ஊர் சுற்றிய பெட்டையைப் பற்றித்தான் பேசுவார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு, சம்பந்தம் வேண்டாம் என்று கதவைத் திறந்துவிடலாம். ஒரு வருடமாக அவர் விரும்பியதும் அதுதான்.

அன்னப்பிள்ளை பெர்னாவைப் பார்த்தார். பெட்டை அழவில்லை, கெஞ்சவும் இல்லை. முதுகை நேராக வைத்துக்கொண்டு, வரப்போவதை வாங்கிக்கொள்ள இருந்தாள். அப்படி இருக்கிற முதுகை அன்னப்பிள்ளை கண்ணாடியில் மட்டும்தான் கண்டிருக்கிறார்.

"ஹனோவரில் இவனோடு நண்டு சாப்பிட்டது உங்கள் மகள் இல்லை" என்றார் டொச்சில், ஒவ்வொரு சொல்லாக வைத்து. "இந்தப் பிள்ளை, நிருஷா. இவனுக்கு ஆளும் ஊரும் நினைவில் நிற்பதில்லை. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்."

கீர்த்தனன் வாயைத் திறந்தான். அன்னப்பிள்ளை அவனைப் பார்த்தார். மூடினான்.

நிருஷா தகப்பனைப் போல் மந்தம் அல்ல. கண் சிமிட்டக்கூட நேரம் எடுக்கவில்லை. "ஓம், நான்தான்" என்று தமிழில் தொடங்கி டொச்சுக்கு மாறினாள். "நானேதான். இவனுக்கு ஒரு கால்கூட மிச்சம் வைக்கவில்லை. அந்தக் கோபத்தில்தான் நினைவு குழம்பிவிட்டது." பிறகு கீர்த்தனனைப் பார்த்து, தமிழில், "மச்சான், விசரா உனக்கு? வாயை வைச்சுக்கொண்டு சும்மா இரு" என்றாள்.

மாஸ்டருக்கு டொச்சில் நடந்ததில் ஹனோவர் என்ற சொல்லும் மகளின் பெயரும் தவிர எதுவும் விளங்கவில்லை. "என்ன பிள்ளை, நீ எப்ப ஹனோவருக்குப் போனனி?" என்று உரத்துக் கேட்டார். தமிழில் கேட்டதால் ஒரு சேதமும் இல்லை. அவருடைய மொழியறிவு அந்தக் குடும்பத்துக்கு உதவிய ஒரே சந்தர்ப்பம் அது.

நெர்மின் அன்னப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பொய்யை நம்பினாரா என்று கேட்டால், இல்லை. எந்தத் தாயும் நம்பமாட்டாள். ஆனால் அவர் கையை நீட்டிக் கத்தரிக்காய்க் குழம்புச் சட்டியை எடுத்து, புருஷனின் கோப்பையில் முதலில் போட்டு, மகளின் கோப்பையில் போட்டு, பிறகு தனக்கும் போட்டுக்கொண்டார்.

அன்னப்பிள்ளை எழும்பி நண்டுச் சட்டியைக் குசினிக்குக் கொண்டுபோனார். "மாமி, எங்களுக்கு எண்டாலும்..." என்றான் கீர்த்தனன். "அவையள் சாப்பிடாததை அவையளுக்கு முன்னால நீங்கள் உறிஞ்சப் போறீங்களோ? ஆருக்கும் இல்லை" என்றார். அன்றைக்கு எல்லாரும் சோறும் பருப்பும் கத்தரிக்காயும்தான். ஹாலுக் இரண்டு தரம் கேட்டு வாங்கினார். உறைப்புக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது; துடைத்துக்கொண்டு சாப்பிட்டார். அரை வயிற்றோடு எவரும் எழும்பவில்லை.

தேநீர் குடிக்கும்போதுதான் ஹாலுக் பேசினார். தங்கள் முறைப்படி பெடியனின் பெரியவர்கள்தான் பூவும் இனிப்பும் கொண்டு பெண் வீட்டுக்குப் போய்க் கேட்கவேண்டும். பெண்ணைக் கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டில் இருத்துவது பெருங்குறைவு. இங்கே வரச் சம்மதித்ததற்காக அவருடைய அண்ணன்மார் இருவரும் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். "மகள் கேட்டாள், வந்தேன்" என்றார். குறை சொல்லும் குரலில் அல்ல, நேரத்தைச் சொல்வதுபோல்.

அன்னப்பிள்ளை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கேட்டவுடன் வந்ததைப் பார்த்துத் தன் வீட்டின் பெறுமதிக்குப் பணிந்து வந்தார்கள் என்று இவ்வளவு நாளும் எண்ணியிருந்தார். அவர்கள் தங்கள் மரியாதையை வாசலில் சப்பாத்தோடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அப்படி ஒன்றை ஒருவரிடம் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பது இந்த வீட்டில் வழக்கம் இல்லை.

"உங்களுக்கு எந்த நாள் வசதி?" என்று கேட்டார்.

அவர்கள் போன பிறகு மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டு சப்பாத்துப் போட்டார். நடந்ததை நிருஷா சொல்லக் கேட்டிருந்தார். "அக்கா, நாங்கள் மாப்பிள்ளைப் பகுதி. நாங்கள் இறங்கிப் போனா எங்கட மரியாதைக்கு என்ன கருத்து?"

"உங்கட புத்தகத்தில பாருங்கோ" என்றார் அன்னப்பிள்ளை. "இருந்தா எனக்குச் சொல்லத் தேவையில்லை."

துருக்கிக்காரர் வீட்டுக்குப் போனவர்கள் மூன்று பேர்: அன்னப்பிள்ளை, கீர்த்தனன், நிருஷா. மாஸ்டரைக் கூப்பிடவில்லை. அதனால் அவர் பீலெஃபெல்டில் இருந்துகொண்டு தனக்கு நேரம் நிறைய இருந்தபடியால் ஒரு கதை கட்டினார். கோயிலிலும் கடையிலும் அது கால் முளைத்து ஓடியது. ஆறாவது கருத்தைக் கேட்டுத் துருக்கிக்காரர் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் எழும்பிப் போனார்களாம். பிறகு அன்னப்பிள்ளை பூத்தட்டும் இனிப்பும் தூக்கிக்கொண்டு அவர்களுடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாராம்.

அவர்கள் எழும்பிப் போகவில்லை. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அன்னப்பிள்ளை பூவும் இனிப்பும் கொண்டுபோனது உண்மை. மன்னிப்புக் கேட்கவில்லை. பெண் கேட்டார், தந்தார்கள்.